விளையாட வந்த பிள்ளைகளின் பயணத் தூரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? (தேர்தல் பயணமும் இதில் சேரும்)

நெடுவழி

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பற்றி ஒரு பழைய கதையில் இருந்து ஆரம்பிக்கிறேன். அங்கே இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் போட்டி படகுப் போட்டி. 1852 ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வின்னிபெசாக்கி ஏரியில் ஹார்வர்டும் யேலும் துடுப்புப் போட்டன. யோசனை மாணவர்களுடையது கிடையாது. அந்தப் பக்கம் ரயில் விட்டிருந்த கம்பெனியின் அதிகாரி ஒருவர், ஏரிக்கு உல்லாசப் பயணிகளை இழுக்க வழி தேடிக்கொண்டிருந்தார். பையன்கள் வந்து படகு ஓட்டினால் போக வர, தங்க, சாப்பிட எல்லாம் கம்பெனி செலவு என்று ஏற்பாடு செய்தார். போட்டியில் ஹார்வர்ட் ஜெயித்தது. கம்பெனிக்கு வேண்டிய கூட்டமும் வந்தது.

ஆக, அங்கே கல்லூரி விளையாட்டு பிறந்ததே டிக்கெட் விற்கத்தான். இப்போது ரயில் இருந்த இடத்தில் தொலைக்காட்சி இருக்கிறது. 2022 ஜூன் 30-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் யுஎஸ்சி, யுசிஎல்ஏ என்ற இரண்டு பல்கலைக்கழகங்களும் பிக் டென் கூட்டமைப்பில் (தங்களுக்குள் போட்டி ஆடும் பல்கலைக்கழகங்களின் குழு) சேரப்போவதாக அறிவித்தன. அது சிகாகோவை மையமாக வைத்து 1896-இல் தொடங்கிய அமைப்பு. அடுத்த சில வாரங்களிலேயே ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றும் சேர்ந்து 7 ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டன. 2023 ஆகஸ்டில் ஓரிகனும் வாஷிங்டனும் பின்தொடர்ந்தன. 2024-இல் இருந்து அந்தக் கூட்டமைப்பில் 18 பல்கலைக்கழகங்கள். பசிபிக் கரையில் இருந்து நியூ ஜெர்சி வரை.

என் வாதம் இதுதான்: தூரம் அதிகமா குறைவா என்பது இரண்டாவது கேள்வி. தூரத்தை முடிவு செய்பவர் அந்த வண்டியில் ஏறுவதில்லை, அதுதான் முதல் சிக்கல். தேர்தல் பிரசாரத்திலும் இதே கணக்கு ஓடுகிறது என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து?

எதிர்க்கட்சி

வந்துட்டீங்களா ஐயா. 20 வயசுப் பிள்ளைங்க ஓசியில் நாடு முழுக்கச் சுத்துறாங்க, நாம இங்க உட்கார்ந்து அவங்களுக்காக அழணுமா? வீட்டுக்கும் வகுப்புக்கும் நடுவே பஸ்ஸிலேயே பாதி வாழ்க்கையைக் கழிக்கிற மாணவனைக் கேளுங்க, மாத்திக்கலாமான்னு. உடனே சரின்னுடுவான்.

கணக்குப்பிள்ளை

எதிர்க்கட்சி சொல்வது கால்பந்து அணிக்குப் பொருந்தும் (இங்கே கால்பந்து என்றால் அமெரிக்கக் கால்பந்து). பெரிய பல்கலைக்கழகங்களில் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் பெரும்பாலும் தனி விமானம். ஆட்டம் முடிந்த கையோடு ஏறிவிடலாம். கால்பந்துக்கு வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான், அதிலும் பாதி சொந்த மைதானத்தில்.

மாட்டிக்கொள்வது வாலிபாலும் சாஃப்ட்பாலும் சாக்கரும்தான் (நம் ஊரில் கால்பந்து என்போமே, அதுதான் சாக்கர்). அவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம். போவது பெரும்பாலும் எல்லோரும் போகிற விமானம், நடுவில் இன்னோர் ஊரில் மாறி. கால்பந்து கொண்டுவந்த ஒப்பந்தத்துக்காக இவர்கள் கண்டம் தாண்டுகிறார்கள். 2023 ஆகஸ்டில் மிசூரி பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளர் இலாய் டிரிங்க்விட்ஸ் பத்திரிகையாளர்களிடம் இதைத்தான் கேட்டார். பேஸ்பால், சாஃப்ட்பால் பிள்ளைகள் பொது விமானத்தில் போய், விடிகாலை மூன்று நான்கு மணிக்குத் திரும்பி, அன்றைக்கே வகுப்புக்கும் போக வேண்டும்; அவர்களுக்கு ஆகிற செலவை யாராவது யோசித்தோமா என்றார். கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவரே அதைச் சொன்னதால்தான் செய்தியானது. சாஃப்ட்பால் பயிற்சியாளர் சொல்லியிருந்தால் யார் போட்டிருப்பார்கள்?

பழைய பேப்பர்

நெடுவழி ஐயா ரயிலில் ஆரம்பித்ததால் எனக்கும் கை அரிக்கிறது.

1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சிக் கல்லூரிகளான ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதியதைத்தான் முதல் கல்லூரிக் கால்பந்து ஆட்டம் என்பார்கள். பிரின்ஸ்டன் பையன்கள் ரயிலில் வந்தார்கள். இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊர், சுமார் 20 மைல்கூட இருக்காது. அதே ரட்கர்ஸ் 2024 அக்டோபரில் பிக் டென் கூட்டமைப்பு ஆட்டமாக யுசிஎல்ஏவை வரவேற்றது. வந்தவர்கள் ஏறத்தாழ 2,400 மைல் தாண்டி வந்து 35-32 என்று ஜெயித்துவிட்டும் போனார்கள். (அலுப்பு எல்லா வாதத்துக்கும் உதவாது என்பதற்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.)

நடுவில் இன்னொருவர் இருக்கிறார். 1873-இல் மிச்சிகன் மாணவர்கள் கார்னெல் மாணவர்களைக் கிளீவ்லாந்தில் கால்பந்து ஆடக் கூப்பிட்டார்கள். கார்னெல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட் மறுத்துவிட்டார். ஒரு காற்றுப் பையை உதைத்து அலைக்கழிப்பதற்காக முப்பது பேர் நானூறு மைல் பயணம் போக நான் அனுமதிக்க மாட்டேன் என்பது அவர் பதில். இன்றைக்கு எந்தத் துணைவேந்தராவது இப்படி ஒரு வாக்கியம் பேசிவிட்டு அடுத்த நாள் நாற்காலியில் இருக்க முடியுமா!

எதிர்க்கட்சி

அந்த மனுஷன் பேச்சைக் கேட்டிருந்தா விளையாட்டே வளர்ந்திருக்காது, பழைய பேப்பர் அண்ணே. மாணவர்கள் போகணும்னுதான் கேட்டாங்க. தடுத்தது மேலே இருந்தவர். அப்போ உங்க கட்சி எது? நெடுவழி ஐயாவோட வாதப்படி பார்த்தா ஒயிட்தான் வில்லன்.

நெடுவழி

சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஒயிட் தடுத்ததையும் பிக் டென் அனுப்புவதையும் நான் ஒரே தட்டில்தான் வைக்கிறேன். இரண்டிலும் மாணவனுக்கு வாய் இல்லை.

மூன்றாம் வரிசை

நான் ஒரு சின்னக் கல்லூரியில நீச்சல் அணியில இருந்தவன். தனி விமானம் எல்லாம் டிவியில பார்த்ததோட சரி. எங்களுக்கு வேன். ஓட்டுவது துணைப் பயிற்சியாளர், அவரும் காலையில எங்களோட குளத்துல நின்னவர்தான். தூங்கிடக் கூடாதுன்னு முன் சீட்டுல ஒருத்தன் பேசிக்கிட்டே வரணும். அது எங்களுக்குள்ள முறை வச்சுக்கிட்ட வேலை.

ரெண்டு விஷயம் சொல்றேன். முதல்ல மணிக்கணக்கு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்கு விதி போடற என்சிஏஏ அமைப்போட விதிப்படி சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல விளையாட்டுக்கு எடுக்கக் கூடாது. கேட்க நல்லா இருக்கும். ஆனா பயண நேரம் அந்த 20-க்குள்ள வராது. போட்டி நாள் முழுக்க எவ்வளவு நேரம் ஆனாலும் 3 மணி நேரம்னுதான் எழுதுவாங்க. காகிதத்துல நாங்க சட்டப்படி நடந்தவங்க. பயணம் செஞ்ச நாளையே வாராந்திர ஓய்வு நாள்னு காட்டற வழக்கமும் இருந்தது. பெரிய கூட்டமைப்புகள் 2017-ல ஓட்டுப் போட்டு அதை நிறுத்தினாங்க. அந்த ஓட்டு வர்ற வரைக்கும் பஸ் சீட்டுல கழுத்து வலிக்கத் தூங்குறது ஓய்வுன்னு கணக்கு.

ரெண்டாவது, சாலை. 15 பேர் உட்காரும் வேன் பத்தி அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2001-லயே எச்சரிச்சது. 10 பேரோ அதுக்கு மேலயோ ஏறினா, தனி வண்டி விபத்துல கவிழ்ற வாய்ப்பு ஏறக்குறைய மூணு மடங்கு. பெரிய கல்லூரிகள் அதுக்கப்புறம் அந்த வேனை விட்டுச்சு. பணம் இல்லாத கல்லூரிகளால அவ்வளவு சீக்கிரம் விட முடியல. 2022 மார்ச்சுல ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தின் கோல்ஃப் அணி வேனும் எதிர்ல வந்த பிக்கப் வண்டியும் டெக்சாஸ்ல மோதி 9 பேர் இறந்து போனாங்க. அணியில 6 மாணவர்கள், பயிற்சியாளர், எதிர் வண்டியில ரெண்டு பேர்.

விமானத் தூரத்தைப் பத்தி எல்லாரும் எழுதுறாங்க. வேன் பத்தி யாரும் எழுதறதில்ல, ஏன்னா அந்த ஆட்டத்தை யாரும் ஒளிபரப்பறதில்ல.

கணக்குப்பிள்ளை

விமானத்திலும் விபத்து உண்டு தம்பி. 1970-இல் மட்டும் இரண்டு: அக்டோபர் 2-இல் விச்சிட்டா ஸ்டேட், நவம்பர் 14-இல் மார்ஷல், இரண்டும் பல்கலைக்கழகக் கால்பந்து அணிகள். மார்ஷல் விமானத்தில் 75 பேரும் இறந்தார்கள். 1977 டிசம்பரில் எவன்ஸ்வில் கூடைப்பந்து அணி. 2001-இல் ஓக்லஹோமா ஸ்டேட். இந்தப் பட்டியலை நீட்ட எனக்கு மனம் இல்லை.

தென்கரை

2007 மார்ச்சில் ஒஹையோவின் பிளஃப்டன் பல்கலைக்கழக பேஸ்பால் அணி ஃபுளோரிடா போகும் வழியில், அட்லாண்டாவில் பஸ் மேம்பாலத்தில் இருந்து விழுந்தது. வெளியேறும் சரிவை ஓட்டுநர் நேர்ப்பாதை என்று எண்ணிவிட்டார். 5 வீரர்கள், ஓட்டுநர், அவர் மனைவி இறந்தார்கள். அதில் மகனை இழந்த தந்தை ஒருவர் அதற்குப் பிறகு பல வருடம் வாஷிங்டனுக்கு அலைந்தார், பஸ்ஸில் இருக்கைப் பட்டை வேண்டும் என்று. 2013-இல் விதி வந்தது. 2016 நவம்பரில் இருந்து தயாராகும் பெரிய பஸ்களுக்குக் கட்டாயம். விளையாட்டுப் பயணத்தில் தொடங்கி அரசியலில் முடிந்த ஒரு பயணம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

பழைய பேப்பர்

அரசியலுக்கு வருவோம். யாரும் தொடாததால் நானே தொடுகிறேன்.

1896 அமெரிக்க அதிபர் தேர்தலில் இரண்டு வேட்பாளர்கள், இரண்டு விதம். வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ரயிலில் சுமார் 18,000 மைல் சுற்றி 600 கூட்டங்களுக்குக் கிட்டத்தட்டப் பேசினார். வில்லியம் மெக்கின்லி ஒஹையோவின் கேண்டனில் தன் வீட்டை விட்டு நகரவே இல்லை. திண்ணைப் பிரசாரம் என்று நம் ஊரில் சொல்வோமே, அது அவருக்கு நிஜமாகவே திண்ணை. ரயில் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்தன, சுமார் ஏழரை லட்சம் பேர் அவர் வாசலுக்கு வந்துபோனார்கள். ஜெயித்தவர் மெக்கின்லி. அலைந்தவர் தோற்றார், ஜனங்களை அலையவிட்டவர் ஜெயித்தார். (பணமும் அவர் பக்கம்தான் குவிந்திருந்தது, அதை மறைக்கவில்லை.)

1948-இல் ட்ரூமன் இதைத் திருப்பிப் போட்டார். ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்றபடி 20,000 மைலுக்கு மேல் பேசிக்கொண்டே போனார். தோற்பார் என்று எழுதியவர்கள் முகத்தில் கரி.

எனக்குப் பிடித்தது 1960. நிக்சன் 50 மாநிலங்களுக்கும் போவேன் என்று கட்சி மாநாட்டில் வாக்குக் கொடுத்தார். முழங்காலில் சீழ் பிடித்து ஏறத்தாழ இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போதாவது வாக்கைக் கைவிட்டிருக்கலாம். விடவில்லை. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் அலாஸ்காவில் இருந்தார். அலாஸ்காவுக்குத் தேர்வாளர் வாக்கு (அதிபரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு மாநிலத்துக்கு உள்ள வாக்கு) 3. கென்னடி அந்த நேரத்தில் ஜனம் நிறைந்த கிழக்கு மாநிலங்களில். 27 வாக்குள்ள இல்லினாயில் சுமார் 9,000 ஓட்டில் கை நழுவியது. அதன் பிறகு எந்தப் பெரிய கட்சி வேட்பாளரும் 50 மாநிலம் என்று வாக்குக் கொடுத்ததாக எனக்குத் தெரிய, இல்லை.

எதிர்க்கட்சி

அப்போ பயணத்தை முடிவு பண்றது வேட்பாளர்தானே? நெடுவழி ஐயா சொன்ன "ஏறாதவர் முடிவு பண்றார்" இங்க செல்லாது.

நெடுவழி

செல்லும் தம்பி. நிக்சனுக்குப் பிறகு வேட்பாளர் எங்கே போவார் என்பதைத் தேர்வாளர் வாக்கு முறை தீர்மானித்துவிட்டது. ஊசலாடும் ஏழெட்டு மாநிலங்களில் விமானம் மறுபடி மறுபடி இறங்கும். கலிபோர்னியாவுக்கு நிதி திரட்ட மட்டும் போவார்கள். 2016-இல் ஹிலாரி கிளிண்டன் கட்சி வேட்பாளரான பிறகு விஸ்கான்சின் பக்கம் போகவே இல்லை. அது உறுதியான மாநிலம் என்று கணக்கு சொன்னது. கணக்கு பொய்த்தது. தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். பென்சில்வேனியாவுக்கு ஓடி ஓடிப் போனார், அங்கேயும் தோற்றார். ஆனால் யார் ஊருக்கு யார் வருவார் என்பதை ஒரு வரைபடம் முடிவு செய்கிறது, ஊர்க்காரன் முடிவு செய்வதில்லை. ஒளிபரப்பு ஒப்பந்தம் சாஃப்ட்பால் அணியை அனுப்புகிற மாதிரிதான்.

கடைசி பெஞ்சு

பைடன் செனட்டரா இருந்த 36 வருஷமும் வில்மிங்டன்ல இருந்து வாஷிங்டனுக்கு ரயில்ல போய் வந்தாரே, அதை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க? தினமும் வீட்டுக்குப் போற மாணவன் மாதிரியே. 😀

தென்கரை

இவ்வளவு நேரம் மாணவர்களை யாரோ ஏற்றி அனுப்பிய பயணங்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களாக ஏறியதும் உண்டு. அதை விட்டுவிட்டால் இந்த இழை அரைகுறை.

1958 டிசம்பரில் ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் புரூஸ் பாய்ன்டன் விடுமுறைக்கு அலபாமாவுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். ரிச்மண்டில் பஸ் நின்றது. வெள்ளையருக்கான உணவகப் பகுதியில் உட்கார்ந்து சாப்பாடு கேட்டார். கைது, 10 டாலர் அபராதம். கட்டிவிட்டு ஊருக்குப் போயிருக்கலாம். வழக்கு நடத்தினார். உச்ச நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் கறுப்பின உரிமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷல். 1960 டிசம்பரில் தீர்ப்பு: மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணிகளுக்கான நிலைய உணவகத்தில் இனப் பாகுபாடு செல்லாது.

தீர்ப்பு காகிதத்தில் இருந்தது. அது நிலையத்தில் இருக்கிறதா என்று பார்க்க 1961 மே 4-இல் 13 பேர் வாஷிங்டனில் இருந்து இரண்டு பஸ்களில் கிளம்பினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து. மே 14-இல் அலபாமாவின் ஆனிஸ்டனில் ஒரு பஸ்ஸைக் கொளுத்தினார்கள். ஏற்பாடு செய்த அமைப்பு, போதும் என்று நிறுத்திவிட்டது. அப்போது நாஷ்வில்லில் இருந்த மாணவர்கள், டயான் நாஷ் ஒருங்கிணைக்க, நாங்கள் தொடர்கிறோம் என்று ஏறினார்கள். அரசே காத்திருக்கச் சொல்லியும் ஏறினார்கள். அந்தக் கோடையில் 400 பேருக்கு மேல். பலர் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறையில் இருந்தார்கள். போன மாணவர்களில் 14 பேரை டென்னசியின் ஓர் அரசுக் கல்லூரி நீக்கியது. அதே கல்லூரி 2008-இல் அவர்களுக்கு கௌரவப் பட்டம் கொடுத்தது. 1961 நவம்பர் 1-இல் பஸ் நிலையங்களில் பிரிவினைப் பலகைகளை அகற்றும் ஆணை நடைமுறைக்கு வந்தது.

விளையாட்டு அணியோடு பத்து நாள் வகுப்புக்கு வராவிட்டால் அனுமதிச் சீட்டு. இவர்கள் வராவிட்டால் நீக்கம்.

எதிர்க்கட்சி

தென்கரை அக்கா, இதுக்கு என்கிட்ட மறுப்பு இல்ல.

தென்கரை

மறுப்பு இல்லாவிட்டால் கூட ஒன்று சேர்த்துக்கொள். டெக்சாஸின் பிரெய்ரி வியூ கல்லூரி, கறுப்பின மாணவர்கள் அதிகம் படிப்பது. "நீங்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை, ஓட்டு கிடையாது" என்ற போக்கில் உள்ளூர் அதிகாரி நடந்துகொண்டார். படிக்கும் ஊரில் ஓட்டுப் போடலாம் என்பதை 1979-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2008 பிப்ரவரியில் மறுபடி வேறு வடிவம்: முன்கூட்டி வாக்களிக்கும் சாவடி வளாகத்தில் இல்லை. மாணவர்கள் ஏறத்தாழ 7 மைல் கூட்டமாக நடந்துபோய் ஓட்டுப் போட்டார்கள். நிக்சன் 3 ஓட்டுக்கு அலாஸ்கா போனதும் இந்த 7 மைலும் ஒரே அரசியலின் இரண்டு பக்கம். வேட்பாளருக்குத் தூரம் வியூகம். வாக்காளருக்கு அதையே தடையாகவும் வைக்கலாம்.

கணக்குப்பிள்ளை

அக்கா சொன்னதோடு ஒரு சட்ட விஷயம். கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-இன் டைட்டில் நைன் சட்டத்துக்கு 1975-இல் விதிகள் எழுதியபோது, ஆண் பெண் அணிகளுக்குச் சம வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் பயணத்தையும் தினப்படியையும் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். பையன்கள் விமானத்திலும் பெண்கள் சொந்தக் காரிலும் போன காலம் அது. இன்றைக்கும் கால்பந்து அணியைக் காட்டி இந்தக் கணக்கைக் குழப்ப முடிகிறது.

எதிர்க்கட்சி

சரி, இப்ப என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க. பிக் டென் விரிஞ்சதால எல்லா அணிக்கும் தூரம் கூடலை. தடகளம், நீச்சல், கோல்ஃப், துடுப்பு இவங்களுக்கு வாராவாரம் கூட்டமைப்பு ஆட்டம் கிடையாது. தங்களுக்கு வசதியான போட்டிகளுக்குப் போவாங்க, கடைசியில ஒரு சாம்பியன்ஷிப். மத்த ஆட்டங்களுக்கும் ஒரே பயணத்துல ரெண்டு ஆட்டம் வைக்கிற மாதிரி அட்டவணை போடறாங்க. இன்னொண்ணு: அந்தப் பணம் வராட்டி முதல்ல எதை மூடுவாங்க? கால்பந்தையா? வாலிபாலையும் நீச்சலையும்தான் மூடுவாங்க. பயணம் வேண்டாம்னு சொல்றது சுலபம். அணியே வேண்டாம்னு ஆயிடக் கூடாது.

யுஎஸ்சி, யுசிஎல்ஏ எல்லாம் முன்னாடி இருந்த பழைய பசிபிக் கூட்டமைப்பு என்ன ஆச்சுன்னு பாருங்க. ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் மிஞ்சினாங்க. பக்கத்துலயே விளையாடணும்னு உட்கார்ந்திருந்தா பக்கத்துல ஆள் இருக்கணுமே.

மூன்றாம் வரிசை

நீச்சல் பத்தி நீங்க சொல்றது சரிண்ணே. மூடுற விஷயமும் சரி, அந்தப் பயம் எங்களுக்கு எப்பவும் இருந்தது. ஆனா கால்பந்தை மட்டும் தேசிய அளவுல தனியா வச்சுட்டு மத்ததைப் பழையபடி பிராந்தியமா ஆடலாமே. இதைச் சில கால்பந்துப் பயிற்சியாளர்களே வெளிப்படையா சொல்லியிருக்காங்க. ஒரே பேருல எல்லா விளையாட்டையும் கட்டி இழுக்கணும்னு யார் விதிச்சது?

அப்புறம் உடம்பு. மேற்கே போறதைவிடக் கிழக்கே போறது கஷ்டம். கிழக்குல பகல் 12 மணிக்கு ஆட்டம்னா லாஸ் ஏஞ்சல்ஸ் உடம்புக்கு அது காலை 9 மணி. எழுந்தது 5 மணிக்கு. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு உடம்பு பழக ஏறக்குறைய ஒரு நாள் வேணும்பாங்க. பழகறதுக்குள்ள திரும்பியாச்சு, திங்கள்கிழமை வேதியியல் தேர்வு.

கடைசி பெஞ்சு

பஸ்ஸில் படிக்கலாம்னு சொல்ற பேராசிரியர்களை ஒருமுறை அந்த வேன்ல பின் சீட்டுல உட்கார வைக்கணும்.

புதுக்குடி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அக்கா மகளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இருந்து வாலிபால் அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று பெரிய கூட்டமைப்பு, பெரிய பெயர். இன்னொன்று அவ்வளவு பெயர் இல்லாதது, ஆட்டங்கள் பெரும்பாலும் பஸ் தூரம். அவள் உயிரியல் படிக்க நினைக்கிறாள். வீட்டில் எல்லோரும் உதவித்தொகையையே பேசுகிறார்கள். பயணம் பற்றி என்ன கேட்க வேண்டும்?

மூன்றாம் வரிசை

பயிற்சியாளர்கிட்ட போன வருஷ அட்டவணையைக் கேளுங்க. வரப்போற வருஷம் இல்ல, நடந்து முடிஞ்சது. ஆட்டத் தேதி மட்டும் இல்லாம எப்ப கிளம்பினாங்க, எப்ப வளாகத்துக்குத் திரும்பினாங்கன்னு. அது ஒரு பக்கம். அணியில உயிரியல் படிக்கிற பொண்ணுங்க எத்தனை பேருன்னு கேளுங்க. ஆய்வக வகுப்பு மதியம் வைப்பாங்க, பயணம் அதோட மோதும். யாருமே இல்லைன்னா அதுவே பதில். தேர்வு நாள்ல வெளியூர்ல இருந்தா மேற்பார்வைக்கு யார் கூட வர்றாங்க, அதையும்.

தென்கரை

பஸ் தூரம் என்கிற கல்லூரியிடம் வண்டியை யார் ஓட்டுகிறார் என்று கேட்கவும். வாடகை பஸ்ஸும் தொழில்முறை ஓட்டுநருமா, அல்லது வேனும் பயிற்சியாளருமா. கூச்சப்படாமல் கேட்கலாம், இதற்குக் கோபப்படுகிற பயிற்சியாளரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

எதிர்க்கட்சி

இதையெல்லாம் அவளே கேட்கட்டும், நீங்க கேட்காதீங்க. அணியில இருக்கிற மூத்த பொண்ணுங்ககிட்ட, பயிற்சியாளர் பக்கத்துல இல்லாத நேரத்துல. அவங்க சொல்றது வேற மாதிரி இருக்கும். அப்புறம், அவளுக்குப் பறக்க ஆசையா இருந்தா, நம்ம பேச்சைக் கேட்டு யாரும் தடுக்காதீங்க.

புதுக்குடி

மிக்க நன்றி. இந்த வாரம் அந்தப் பெரிய கல்லூரிப் பயிற்சியாளர் வீடியோவில் பேசுகிறார். கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆய்வகக் கேள்வியை அவளே முதலில் வைத்துக்கொண்டாள்.